ஒரு பை ரத்தம், இருபத்தோரு வருடம்

ராணுவ மருத்துவமனைத் தவறுக்கு இழப்பீடு கேட்க ஒரு நேர்வழி வேண்டும்

சங்கரன்கோவில் சுற்று வட்டாரத்தில் மிலிட்டரிக்காரர் வீட்டுக்குள் நுழைந்தால் கட்டிலுக்கு அடியிலோ பரணிலோ ஒரு கறுப்புத் தகரப்பெட்டி கண்ணில் படும். மூடியில் வெள்ளை பெயின்ட்டில் படை எண், பதவி, பெயர். பனியிலும் பாலைவனத்திலும் ரயிலேறி இறங்கிய பெட்டி. திறந்தால் பாச்சை உருண்டை வாசனை. உள்ளே பாலிதீன் உறையில் டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆணை, கேன்டீன் கார்டு, இ.சி.எச்.எஸ். அட்டை, வெளியே வரும்போது நடந்த மெடிக்கல் போர்டு தாள். ரேஷன் கார்டைவிட இந்தக் காகிதங்களுக்குத்தான் வீட்டில் மரியாதை அதிகம்.

அந்தப் பெட்டியில் பெரும்பாலும் இல்லாத காகிதம் ஒன்று உண்டு. பட்டாளத்தில் இருந்தபோது ‘எம்.எச்.’ என்று அவர்கள் சொல்லும் ராணுவ மருத்துவமனையில் படுத்தாரே, அங்கே என்ன ஊசி போட்டார்கள், யாருடைய ரத்தம் ஏற்றினார்கள், எந்த டாக்டர் கத்தி வைத்தார் என்று சொல்லும் கேஸ் ஷீட். சிகிச்சை நன்றாக முடிந்தவருக்கு அது தேவையே இல்லை. சிகிச்சையே வினையாகிப் போனவருக்கு அந்தக் காகிதம்தான் எல்லாம்.

அரசு மருத்துவமனையில் தவறு நடந்தால் ஊர் கூடும், மறியல் நடக்கும், பத்திரிகையில் வரும். ராணுவ மருத்துவமனையில் தவறு நடந்தால்? காயம் பட்டவர் யாரிடம் போய், எவ்வளவு, எத்தனை நாளுக்குள் கேட்பது? நம் ஊரில் இருந்து படைக்குப் பிள்ளைகளை அனுப்பும் எந்த வீட்டுக்கும் இதற்கு விடை தெரியாது. தெரியாததற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. விடை ஒரே இடத்தில் எழுதப்படவே இல்லை.

பஸ் மோதினால் வழி இருக்கிறது

சங்கரன்கோவில் – ராஜபாளையம் சாலையில் ஒருவரை பஸ் மோதிக் கால் போய்விட்டது என்று வையுங்கள். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கூட அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுவார். எஃப்.ஐ.ஆர்., காயச் சான்றிதழ், ஊனச் சதவீதம், ஒரு வக்கீல், ‘எம்.சி.ஓ.பி.’ வழக்கு. வயது என்ன, வருமானம் என்ன, எத்தனை பேர் அவரை நம்பியிருக்கிறார்கள் என்று கணக்குப் போட ஒரு முறை இருக்கிறது. யார் மேல் தப்பு என்று நிரூபிக்காமலேயே உயிரிழப்புக்கு 5 லட்சம், படுகாயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் கேட்க மோட்டார் வாகனச் சட்டத்தில் 164-வது பிரிவு இருக்கிறது.

அதே ஆள் சிப்பாயாக இருந்து, எல்லைப்புறத்து எம்.எச். ஒன்றில் தப்பான சிகிச்சையால் அதே காலை இழந்தால் இந்த வசதி எதுவும் கிடையாது. இத்தனைக்கும் அவருக்கு டாக்டரைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகூட இருந்ததில்லை. உடம்பு சரியில்லை என்றால் ‘சிக் ரிப்போர்ட்’ கொடுத்து யூனிட்டின் சிகிச்சை அறையான எம்.ஐ. ரூமுக்குப் போக வேண்டும். அங்கே இருப்பவர் அனுப்பினால் எம்.எச். ‘இன்னொரு டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதோம்’ என்று இங்கே சொல்கிற மாதிரி அங்கே சொல்ல முடியாது. உத்தரவுப்படி படுத்த கட்டிலில் வந்த கேட்டுக்கு உத்தரவு போட்டவர் பொறுப்பேற்க வேண்டும் என்பது சாதாரண நியாயம். அந்த நியாயம் இந்தியாவில் ஒரு மனிதருக்குக் கிடைக்க 21 வருடம் ஆனது.

சாம்பாவில் ஏற்றிய ரத்தம்

2001 டிசம்பர் 13-ல் நாடாளுமன்றத்தின் மீது தாக்குதல் நடந்தது. அதைத் தொடர்ந்து ‘ஆபரேஷன் பராக்ரம்’ என்ற பெயரில் படைகள் எல்லைக்கு நகர்த்தப்பட்டன. 1996-ல் விமானப்படையில் சேர்ந்த ஒருவரும் அப்படி ஜம்மு காஷ்மீருக்குப் போனார். அங்கே உடல்நலம் குன்றியதால் சாம்பாவில் உள்ள 171-வது ராணுவ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 2002 ஜூலை 10-ம் தேதி அவருக்கு ஒரு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். குணமாகி வேலைக்குத் திரும்பினார். (தீர்ப்பில் அவர் பெயர் இருக்கிறது. நோயின் தன்மை கருதி இங்கே எழுதவில்லை.)

பன்னிரண்டு வருடம் கழித்து, 2014-ல் மறுபடி படுத்தார். பரிசோதனையில் எச்.ஐ.வி. என்று வந்தது. படையின் மெடிக்கல் போர்டுகளே பழைய ஏடுகளைப் பார்த்து, 2002-ல் சாம்பாவில் ஏற்றிய ரத்தத்தால் வந்தது, ஆகவே பணியின் காரணமாக வந்தது என்று எழுதின. 2016 மே 31-ல் அவர் பணியிலிருந்து வெளியேறினார். அதற்கு மேல் பணி நீட்டிப்பு கிடைக்கவில்லை.

படையின் சொந்த டாக்டர்கள் எழுதிக்கொடுத்த பிறகு வழக்கே வந்திருக்கக் கூடாது. ஆனால் அவர் சிகிச்சைப் பதிவேடுகளைக் கேட்டு ஒவ்வொரு அலுவலகத்துக்கும் எழுதினார். உருப்படியான பதில் இல்லை. தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். அங்கே, மருத்துவ நிபுணர் சாட்சியம் கொண்டுவந்து அலட்சியத்தை நிரூபிக்கவில்லை என்று மனு தள்ளுபடியானது. பதிவேடு முழுக்க எதிராளியின் பீரோவில். நிரூபிக்க வேண்டியவரோ பீரோவுக்கு வெளியே.

அப்பீல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 2023 செப்டம்பர் 26-ல் நீதிபதிகள் எஸ்.ரவீந்திர பட், தீபாங்கர் தத்தா அமர்வு தீர்ப்புச் சொன்னது. நடந்த சம்பவமே அலட்சியத்துக்குச் சாட்சி, இதில் தனியாக நிபுணரைத் தேட வேண்டியதில்லை என்றது. வருமான இழப்புக்கு 86.73 லட்சம், மன வேதனைக்கு 50 லட்சம், எதிர்காலப் பராமரிப்புக்கு 18 லட்சம் என மொத்தம் 1 கோடியே 54 லட்சத்து 73 ஆயிரம் ரூபாய் தரச் சொன்னது. நிலுவையில் இருந்த ஊன ஓய்வூதியத்தையும் ஆறு வாரத்துக்குள் கொடுக்கச் சொன்னது.

தீர்ப்பில் ஒரு இடம் நம் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். அவர் விமானப்படை ஆள், மருத்துவமனையோ தரைப்படையுடையது. அப்படியானால் பணம் தருவது யார்? இருவருமே சேர்ந்தும் தனித்தும் பொறுப்பு. முதலில் விமானப்படை முழுத் தொகையைக் கொடுக்கட்டும், பிறகு முழுவதையோ பாதியையோ தரைப்படையிடம் வாங்கிக்கொள்ளட்டும் என்றது நீதிமன்றம். சங்கரன் பாதி, நாராயணன் பாதி, உடம்பு ஒன்று. ஆடித்தபசுக்குக் கோமதி அம்மன் ஒற்றைக் காலில் தவமிருந்து பார்த்த காட்சி அது. அரசாங்கமும் அப்படி ஒரே உடம்புதான் என்று நிரூபிக்க ஒரு நோயாளி தவமிருக்க வேண்டியிருந்தது. தீர்ப்புக்குப் பிறகும் அவமதிப்பு மனுவோடு அவர் மறுபடி அதே நீதிமன்றப் படியேற நேர்ந்தது.

எல்லையோர நெருக்கடியில் எல்லா வசதியும் இருக்காதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லைப்புறங்களில் படை மருத்துவமனைகள் ரத்தம் சேகரித்து ஏற்றுவதற்கு ரத்த வங்கி உரிமம் தேவையில்லை என்று மருந்து விதிகளே விலக்குத் தருகின்றன. ஆனால் அந்த விலக்கு உரிமத்துக்குத்தான். ரத்தத்தைப் பரிசோதிக்கும் கடமை அப்படியே நிற்கிறது.

சாத்தூரும் சாம்பாவும்

இதே மாதிரி ஒரு கொடுமை பக்கத்து மாவட்டத்தில் நடந்தது நமக்கு மறக்காது. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. சில வாரங்களில் தமிழ்நாடே கொதித்தது. ரத்தம் கொடுத்த இளைஞர் மனமுடைந்து உயிரை விட்டார். 2019 ஜூலையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டது.

தொகை போதுமா என்பது வேறு வழக்கு. காலத்தைப் பாருங்கள்: தவறு நடந்து எட்டு மாதத்துக்குள் உத்தரவு. சாம்பாக்காரருக்கு நோய் தெரிந்த நாளிலிருந்து எண்ணினாலும் ஒன்பது வருடம். சாத்தூரில் நடந்தது ஊருக்குத் தெரிந்தது. நிருபர் போனார், எதிர்க்கட்சி போனது, அமைச்சர் பதில் சொன்னார். முகாம் வாசலில் துப்பாக்கியோடு காவலாளி நிற்கும் மருத்துவமனைக்குள் எந்த நிருபர் போவார்? சிப்பாயின் மனைவி எந்தச் சாலையில் உட்கார்ந்து மறியல் செய்வார்? பணியில் இருக்கும்வரை சிப்பாயும் வாய் திறக்க முடியாது. அமைதியாக இருக்கப் பழக்கப்பட்டவர்களுக்குத்தான் எழுதி வைத்த சட்டம் அதிகம் தேவை.

சாதாரண அரசு மருத்துவமனை வழக்குகளிலும் நீதி நொண்டித்தான் வந்திருக்கிறது. 1996-ல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை செய்யாமல் விட்டதால் பார்வை போனது. தேசிய நுகர்வோர் ஆணையம் கொடுத்தது 5 லட்சம். 2015-ல் உச்ச நீதிமன்றம் அதைச் சுமார் 1.8 கோடியாக உயர்த்தியது. அதற்குள் அந்தக் குழந்தைக்கு 18 வயது தாண்டிவிட்டது. எந்தத் தொகை சரி என்பதற்கு அளவுகோலே இல்லாததால்தான் 5 லட்சமும் 1.8 கோடியும் ஒரே வழக்கில் வருகின்றன.

இரண்டு துண்டுகளின் கதை

இழப்பீட்டுக்கு எல்லை கட்டுவதில் அமெரிக்கா நமக்கு அண்ணன். அங்கே 1950-ல் ‘ஃபெரஸ்’ வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பணி தொடர்பாக வந்த காயத்துக்குப் படைவீரர் அரசின் மேல் வழக்குப் போடவே முடியாது என்று சொல்லிவிட்டது. அதோடு சேர்த்து விசாரித்த இன்னொரு வழக்கில், ராணுவ டாக்டர்கள் வயிற்றில் அறுவை செய்த ஒரு சிப்பாய்க்கு எட்டு மாதம் கழித்து மறுபடி வயிற்றைத் திறந்தார்கள். உள்ளே முப்பது அங்குல நீளம், பதினெட்டு அங்குல அகலத்தில் ஒரு துண்டு. அதில் ‘அமெரிக்கத் தரைப்படை மருத்துவத் துறை’ என்று அச்சடித்திருந்தது. துண்டே முத்திரையோடு சாட்சி சொன்னது. அப்படியும் அவருக்கு ஒரு டாலர் கிடைக்கவில்லை.

நம் நாட்டிலும் ஒரு துண்டு உண்டு. 1963 ஜூலையில் ஔரங்காபாத் அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தபோது, ரத்தம் ஒற்றும் துணியை வயிற்றுக்குள்ளேயே விட்டுத் தைத்துவிட்டார்கள். பதினோரு நாளில் அவர் இறந்தார். கீழ் நீதிமன்றம் 36,000 ரூபாய் தரச் சொன்னது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம் அரசே பொறுப்பு என்று கூறி அந்த 36,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தது. அங்கே கதவை அடைத்தார்கள். இங்கே கதவைத் திறந்தார்கள். திறக்க முப்பத்துமூன்று வருடம் ஆனது.

இந்தத் தாமதத்துக்கு வேர் எங்கே? 1947-ல் மீரட் போலீசார் ஒரு வியாபாரியிடம் பறிமுதல் செய்த தங்கத்தை, அதைக் காவல் காத்த தலைமைக் காவலரே தூக்கிக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிப்போனார். வியாபாரி கேட்ட ஈட்டுக்கு 1964-ல் ‘கஸ்தூரிலால்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பதில்: போலீஸ் வேலை அரசின் இறையாண்மைக் கடமை, அதில் ஊழியர் செய்த தப்புக்கு அரசு ஈடு தராது. கிழக்கிந்திய கம்பெனி காலத்துத் தர்க்கம் அது. ‘இறையாண்மை’ என்ற அந்த ஒரு சொல்லைப் படைத்துறையைவிட நன்றாக வேறு யார் பிடித்துக்கொள்ள முடியும்?

இதைச் சரிசெய்ய அதற்கு முன்பே ஆலோசனை வந்திருந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் சட்ட ஆணையம், எம்.சி.செடல்வாட் தலைமையில், 1956-ல் கொடுத்த தன் முதல் அறிக்கையே இதைப் பற்றித்தான்: ஊழியர் செய்யும் தீங்குகளுக்கு அரசின் பொறுப்பை ஒரு சட்டமாக எழுதுங்கள் என்றது. 1960-களில் மசோதாவும் வந்தது, நிறைவேறாமலேயே காலாவதியானது. அந்தச் சட்டம் இன்றுவரை இல்லை. பிந்தைய தீர்ப்புகளில் நீதிமன்றங்கள் இறையாண்மை வாதத்தை, முக்கியமாக மருத்துவமனை வழக்குகளில், பெரிதும் ஒதுக்கிவிட்டன. அதில் நமக்குக் கிடைத்தவை சில தனித் தீர்ப்புகள். எல்லோரும் நடக்கிற பாதை இன்னும் போடப்படவில்லை.

மற்றவர்கள் திருத்திக்கொண்டார்கள்

பிரிட்டனிலும் 1947-ம் ஆண்டுச் சட்டத்தின் 10-வது பிரிவு படைவீரர் வழக்குப் போடுவதைத் தடுத்தது. நாற்பது வருடம் கழித்து, 1987-ல் அந்நாட்டு நாடாளுமன்றம் அந்தத் தடையை நீக்கியது. போர்க்கால அவசரத்தில் தேவைப்பட்டால் தடையைத் திரும்பக் கொண்டுவரும் அதிகாரத்தை மட்டும் அரசு கையில் வைத்துக்கொண்டது.

அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டேஸ்கல் என்ற சிறப்புப் படை வீரருக்கு ராணுவ மருத்துவமனையில் நுரையீரல் புற்றுநோயைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள். அவர் நோயோடு நோயாக நாடாளுமன்றப் படிகளை ஏறி இறங்கினார். 2019 டிசம்பரில் சட்டம் மாறியது. இப்போது அங்கே படைவீரர் நீதிமன்றம் போகாமல் பாதுகாப்புத் துறையிடமே மனுப் போட்டு இழப்பீடு கேட்கலாம். வலி, வேதனைக்கான தொகைக்கு உச்சவரம்பு உண்டு. 2021 விதிகளில் அது 5 லட்சம் டாலர், பிறகு கூட்டினார்கள். போர்முனை மருத்துவம் இதில் சேராது. துறையின் முடிவு பிடிக்காவிட்டால் கோர்ட்டுக்கும் போக முடியாது. தவறு செய்தவரே நீதிபதியாகவும் இருப்பது அந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை.

அங்கே எல்லை சட்டத்தில் எழுதியிருக்கிறது. அது தெரிந்ததால் எதிர்த்துப் போராடி நகர்த்த முடிந்தது. நம்மிடம் எழுதப்பட்ட உச்சவரம்பு எதுவும் கிடையாது, வழக்குப் போடத் தடையும் கிடையாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கிடைக்காத கேஸ் ஷீட், முடிந்துபோகும் காலக்கெடு, நிபுணர் சாட்சியம், டெல்லி தூரம் என்று எழுதாத எல்லைகள் நான்கு இருக்கின்றன.

‘அதான் பென்ஷன் வருதே?’

இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் வரும் பதில் இது. ஊன ஓய்வூதியம் உண்மைதான். ஊனம் 20 சதவீதமாவது இருக்க வேண்டும். பணியால் வந்தது அல்லது பணியால் கூடியது என்று மெடிக்கல் போர்டு எழுத வேண்டும். நூறு சதவீத ஊனத்துக்கும் கூடுதலாகக் கிடைப்பது கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். அதைக்கூட எத்தனையோ பேர் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் வரை போய்த்தான் வாங்குகிறார்கள். சேரும்போது நல்ல உடம்போடு சேர்ந்தவருக்குப் பின்னால் வந்த நோயைப் பணியால் வந்ததாகவே கருத வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது அரசின் வேலை என்று 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் நிலைமை இது. நம் ஊர்க்காரர் அந்தத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டுமானால் இரவில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும்.

பென்ஷன் வேலைக்குக் கூலி. இழப்பீடு தவறுக்கு ஈடு. வயலில் வேலை பார்த்தவருக்குக் கூலி கொடுத்துவிட்டேன், அவர் காலில் ஏறிய டிராக்டருக்குத் தனியாக எதற்குப் பணம் என்று கேட்டால் ஊர்ப் பஞ்சாயத்து ஒப்புக்கொள்ளுமா? சாம்பா தீர்ப்பு இரண்டையும் தனித்தனியாகவே கொடுத்தது.

அடுத்து வரும் வாதம், ‘எம்.எச். சிகிச்சை இலவசம்தானே, இலவசத்துக்கு ஏது நுகர்வோர் உரிமை?’ என்பது. 1995-ல் வி.பி.சாந்தா வழக்கிலேயே இதற்கு விடை இருக்கிறது. எல்லோருக்கும் எப்போதும் இலவசமாகச் செய்யும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே நிற்கும். ஆனால் பணி நிபந்தனையின் பகுதியாக வேலை கொடுத்தவரே செலவை ஏற்றால், அதை இலவசம் என்று சொல்ல முடியாது. ஓய்வு பெற்றவர் விஷயத்தில் கேள்வியே இல்லை. முன்னாள் படைவீரர்களுக்காக 2003 ஏப்ரலில் தொடங்கிய இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தில் சேரப் பணம் கட்டியாக வேண்டும்; ஹவில்தார் வரை 30,000 ரூபாய், ஜே.சி.ஓ.க்களுக்கு 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000. காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும் அட்டை அது.

இப்போது என்ன செய்யலாம்?

சட்டம் வரும்வரை கையில் இருப்பதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளின்படி டாக்டர் சிகிச்சைப் பதிவேட்டை 3 வருடம் வைத்திருக்க வேண்டும். நோயாளி எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கொடுக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. எல்லைப் பாதுகாப்புப் படை, சி.ஆர்.பி.எஃப். போன்றவை அந்தச் சட்டத்தின் விலக்குப் பட்டியலில் உள்ளன. தரைப்படை, கடற்படை, விமானப்படை அதில் இல்லை.

நுகர்வோர் வழக்குக்கு 2 வருடக் காலக்கெடு. 2019 சட்டப்படி, மருத்துவமனை எந்த மூலையில் இருந்தாலும் புகார்தாரர் குடியிருக்கும் ஊரில் வழக்குப் போடலாம். அதாவது ஜம்முவில் நடந்ததற்குத் திருநெல்வேலியில் போடலாம். கொடுத்த கட்டணம் 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. 2025 ஜூலையில் தேசியச் சட்டப் பணிகள் ஆணையம், படைவீரர் குடும்பங்களுக்கு முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களிலேயே சட்ட உதவி மையங்கள் வைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அங்கே போய்க் கேளுங்கள். நிலத் தகராறும் பென்ஷன் தகராறும் வரும் மேஜைக்கு இந்தத் தகராறும் வரட்டும்.

செய்ய வேண்டியது

ராணுவ டாக்டர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பனிமலையில் உறைந்த விரலையும் குண்டு துளைத்த வயிற்றையும் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் அவர்கள். நம் தெருவில் இரண்டு காலோடு நடக்கும் பல மிலிட்டரிக்காரர்கள் அதற்குச் சாட்சி. போர்முனையில் நடப்பதற்குத் தனி அளவுகோல் இருக்கட்டும். நாம் கேட்பது அமைதிக்கால மருத்துவமனையில் நடந்த தவறுக்கு. ஈடு அரசு தர வேண்டும். டாக்டரின் பையிலிருந்து வேண்டாம்.

ஒன்று: சட்ட ஆணையம் 1956-ல் கேட்ட அரசுப் பொறுப்புச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்து, அதில் ராணுவ மருத்துவத் தவறுக்குத் தனி அத்தியாயம் சேர்க்க வேண்டும்.

இரண்டு: படைக்கு வெளியே உள்ள டாக்டர், ஓய்வுபெற்ற நீதிபதி ஆகியோரும் இருக்கும் ஒரு குழு மனுவை ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் நீதிமன்றம் போகும் கதவு திறந்தே இருக்க வேண்டும். அமெரிக்கா செய்த தவறை நாம் செய்ய வேண்டாம்.

மூன்று: படையின் மெடிக்கல் போர்டே ‘எங்கள் சிகிச்சையால் வந்தது’ என்று எழுதிவிட்டால், அதற்கு மேல் அரசு வாதாடக் கூடாது. தொகை எவ்வளவு என்பதை மட்டும் பேச வேண்டும்.

நான்கு: எம்.எச்.சிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகும் ஒவ்வொருவர் கையிலும் முழு கேஸ் ஷீட்டின் நகலைக் கேட்காமலேயே கொடுக்க வேண்டும். காலக்கெடு தவறு நடந்த நாளிலிருந்து ஓடக் கூடாது. தவறு தெரிந்த நாளிலிருந்து ஓட வேண்டும். சில நோய்கள் பன்னிரண்டு வருடம் ஒளிந்திருக்கும் என்பதற்குச் சாம்பாவே சாட்சி.

ஐந்து: ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு வருடத்தில் சில நாள் மதுரையில் உட்கார வேண்டும். படைக்கு ஆள் அனுப்பும் தென் மாவட்டங்களுக்கு அந்த மரியாதைகூடக் கிடையாதா?

தென்காசித் தொகுதியில் இருந்து 2024-ல் மக்களவைக்குப் போன ராணி ஸ்ரீகுமார் ஒரு மருத்துவர். மருத்துவத் தவறு என்றால் என்ன, கேஸ் ஷீட் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பாதுகாப்புத் துறையிடம் அவர் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: கடந்த பத்து வருடத்தில் ராணுவ மருத்துவமனைத் தவறுகளுக்காக எத்தனை பேர் ஈடு கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள்? முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டத்தில் இந்தக் கோரிக்கைகளை மனுவாகக் கொடுப்பது நம் ஊர் சங்கங்களின் வேலை.

போரில் எதிரியின் குண்டால் வீரர் இறந்தால் குடும்பத்துக்கு எவ்வளவு கருணைத் தொகை என்று 2016 முதலான அரசு ஆணையில் ரூபாய்க் கணக்கில் இருக்கிறது. பணியில் விபத்து என்றால் எவ்வளவு என்பதும் இருக்கிறது: 25 லட்சம். சொந்த மருத்துவமனையின் கட்டிலில் சொந்த அரசின் தவறால் கெட்டுப்போனால் எவ்வளவு, யாரிடம், எத்தனை நாளில் என்ற வரி மட்டும் இல்லை. அந்த வரியை எழுதுங்கள்.